குளக்கரையில் இருந்தது யார்?

வெள்ளிக்கிழமை காலை வார இதழ் வாசலில் வந்து விழுகிற சத்தம் கேட்டால் போதும், பெரிய மாப்பிள்ளைக்கு வாயில் இருக்கிற டீ கசந்துவிடும்.

இந்த வாரம் அதைத் தொடுவதில்லை என்று முதல் நாளே சபதம் செய்திருப்பார். விடிந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவதும் அவர்தான். சினிமா, துணுக்கு, தொடர்கதை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராக நடுப்பக்கத்துக்குப் போவார். அங்கே கழுத்தில் பைனாகுலரும் வாய் நிறையப் பல்லுமாகச் சிரித்துக்கொண்டிருப்பார் சின்ன மாப்பிள்ளை. தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'பாதையும் பக்கமும்: ஒரு விஞ்ஞானியின் நினைவுகள்'.

படித்த புத்தகங்கள், போன நாடுகள், சந்தித்த பெரிய மனிதர்கள். ஒரு வாரம், பனிப்பாறைக்கு நடுவில் கப்பல் மாட்டிக்கொண்ட கதை. மறு வாரம், ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கையில் இருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்துப் பார்த்தே படித்து முடித்த கதை. வாசகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வருகின்றனவாம். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, சின்ன மாப்பிள்ளையேதான்.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். இருவருக்கும் தலையில் முடி போய், வேலையும் போய் ஓய்வு வந்துவிட்டது. இருந்தாலும் குடும்பத்தில் ஒருவர் பெரிய மாப்பிள்ளை, மற்றவர் சின்ன மாப்பிள்ளை. இதில் கொடுமை என்னவென்றால், இந்தச் சகலையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததே பெரியவர்தான். ஒரே ஆராய்ச்சி நிலையத்தில், ஒரே வேனில், தவளைகளின் குரலைப் பதிவு செய்துகொண்டு திரிந்தவர்கள். "தங்கமான பையன், நான் கேரன்டி" என்று மாமனாரிடம் போய்ச் சொன்ன வாயை ஃபினாயில் ஊற்றிக் கழுவலாமா என்று பின்னாளில் அவர் பலமுறை யோசித்திருக்கிறார்.

தங்கமான பையன் விமானம் ஏறினான். இறங்கவே இல்லை. மாநாடு, கருத்தரங்கு, கண்டம் விட்டுக் கண்டம். பெரியவர் ஊருக்கு வெளியே இருந்த ஒரு சதுப்புக் குளத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தார். அந்தக் குளத்தில் எந்தத் தவளை எந்த மூலையிலிருந்து கத்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கேட்கத்தான் ஆளில்லை. அவருடைய பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதி ஆனது.

அவரையும் வெளிநாட்டுக்கு அழைத்தார்கள். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்ல அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

அம்மையார்.

தவளைக் குரல்களைப் பற்றி அம்மையார் எழுதிய பச்சை அட்டைப் புத்தகம்தான் பெரியவரை இந்தத் துறைக்கே இழுத்து வந்தது. தைத்த நூல் பிரிந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைக்கும் அளவுக்குப் படித்தவர் அவர். தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் அதே அம்மையார் குளக்கரைக்கு வந்து நின்றார். உட்கார்ந்தார். பேசினார். போகும்போது சொன்னார்: "ஊர் ஊரா ஓடாதீங்க. ஒரே தண்ணிகிட்ட உக்காந்து கேளுங்க. அதுக்கே ஒரு ஆயுசு பத்தாது."

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் பெரியவர் தன் ஆயுசை அந்தக் குளத்தில் போட்டார். அதன்பின் சகலை எந்த நாட்டிலிருந்து எந்தப் படத்தை அனுப்பினாலும், 'போடா, அம்மையார் பேசியது என்னோடு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தூங்கிவிடுவார். பொறாமைக்கு அவர் வைத்திருந்த ஒரே மாத்திரை அது.

இந்த வெள்ளிக்கிழமை அந்த மாத்திரையில் கை வைத்துவிட்டார்கள்.

நடுப்பக்கத்தில் தலைப்பு: 'அம்மையாரும் நானும்'. அதே குளம். அதே தூறல். அம்மையார் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது சின்ன மாப்பிள்ளை! கட்டுரையின் கடைசி வரிதான் நெஞ்சில் ஏறி மிதித்தது. '"உலகம் பெரிது, போய்ப் பார்" என்றார் அம்மையார். அன்று கிளம்பிய கால் இன்றுவரை நிற்கவில்லை.'

பெரியவர் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"உன் தங்கச்சி புருஷன் என் வாழ்க்கையைத் திருடிட்டான்!"

"அவருக்கு எதுக்குங்க அது? அவர்கிட்டயே நல்லதா ஒண்ணு இருக்கே."

பெரியவர் அவளை முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் பற்றி எரிந்திருப்பார்கள். அவள் பத்திரிகையைக் கையிலிருந்து வாங்கிப் படித்தாள்.

"இது நீங்க சொல்ற கதைதானே?"

"கதை இல்ல. நடந்தது. எனக்கு நடந்தது. இவன் அன்னிக்கு வேன்ல குந்திக்கிட்டு இருந்தான். அது மட்டுமா? அம்மையார் சொன்னதையே தலைகீழா மாத்திட்டான். இது புத்தகமா வேற வரப்போகுது. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுதாம். வந்துடுச்சுன்னா நான் என்ன சொல்றது? யார் நம்புவா? இத்தனை வருஷம் நான் எதுக்கு அங்க உக்காந்திருந்தேன்னு என்னையே கேக்க மாட்டாங்களா?"

கடைசிக் கேள்வியில் குரல் லேசாக உடைந்தது. மனைவி கேலியை நிறுத்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை போவோம்," என்றாள்.

சின்ன மாப்பிள்ளையின் வரவேற்பறையில் கால் வைத்தாலே பெரியவருக்கு மூச்சு முட்டும். ஒரு சுவர் முழுக்க மாநாட்டு அடையாள அட்டைகள், கலர் கலர் நாடாவில், ஆணி ஆணியாகத் தொங்கும். ஃப்ரிட்ஜ் கதவில் ஊர் ஊராக வாங்கி ஒட்டிய காந்த பொம்மைகள். தண்ணீர் பாட்டில் எடுக்கக் கதவைத் திறந்தால் இரண்டு நாடு கீழே விழும்.

"வாங்க சகலை! இந்த வாரம் படிச்சீங்களா?"

"படிச்சேன். அதான் வந்தேன். அந்தக் கட்டுரையைப் புத்தகத்துல போடக்கூடாது."

சின்னவர் சிரித்தார். பிறகு பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஏன்?"

"ஏன்னா அது உங்களுக்கு நடக்கல. எனக்கு நடந்தது."

"சகலை, கரையில இருந்தது நான்."

"நீங்க வேன்ல இருந்தீங்க!"

"நானா? வேன்லயா?"

"ஊரெல்லாம் சுத்தினது பத்தாதா? எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு சாயங்காலம், அதையும் வாரிக்கிட்டுப் போகணுமா?"

"வாரிக்கிட்டுப் போறேனா? ஒவ்வொரு கல்யாணத்துலயும் நீங்க இந்தக் கதையைச் சொல்றப்ப நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், தெரியுமா? மூத்தவர், சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன்!"

டீ கொண்டுவந்த சின்னவரின் மனைவி தட்டை டீப்பாயில் ணங்கென்று வைத்தாள். "நிறுத்துங்க ரெண்டு பேரும். பேரன் பேத்தி பாத்தா சிரிக்கும். அத்தான், நீங்க மூத்தவர். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்ல நீங்க முழுசா சொல்லுங்க. அப்புறம் இவர் சொல்லட்டும். நடுவுல யாராவது வாயைத் திறந்தா பிஸ்கட் கிடையாது. நானும் அக்காவும்தான் ஜட்ஜு."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இதற்குத்தானே அவர் காத்திருந்தார்?

சொன்னார். நாணலை விலக்கிக்கொண்டு முதலில் வந்தது பூட்ஸ் சத்தம். வலது காலில் மட்டும் தண்ணீர் புகுந்திருந்ததால் ஓர் அடிக்கு சளக், மறு அடிக்கு ஒன்றுமில்லை. மழைக்கோட்டு முறமுறத்தது. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய பூதக்கண்ணாடி பித்தானில் இடித்து இடித்து ஒலித்தது. உட்கார்ந்ததும் மூச்சு வாங்கினார் அம்மையார். மூச்சின் அடியில் ஒரு சின்ன விசில். பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் போட்டு, பேச்சுக்கு நடுவே கடைவாயில் நொறுக்கினார். கோட்டின் மேல் விழுந்த தூறலுக்கும் தண்ணீரில் விழுந்த தூறலுக்கும் இருந்த வித்தியாசத்தைக்கூடப் பெரியவர் சொன்னார். "புத்தகம் படிச்சீங்களா?" என்று அம்மையார் கேட்டதும், "வரி விடாமல்" என்று தான் பதில் சொன்னதும், கடைசியில் ஒரே தண்ணீரிடம் உட்காரச் சொன்னதும்.

கொழுந்தியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க," என்று தன் கணவரைப் பார்த்தாள்.

சின்னவர் நெற்றியைத் தடவினார். "நீல மழைக்கோட்டு. முழங்கையில கிழிஞ்சு, பழுப்புத் துணி வச்சுத் தைச்சிருந்துச்சு. மூக்கு பெரிசு. ஒரு கையில மட்டும் கையுறை. சிரிச்சா ஒரு கண்ணு சின்னதாயிடும்..." நிறுத்தினார். "அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அத்தான் எப்படிச் சொன்னார், நீங்க என்னமோ காணாமப் போனவங்களைப் பத்திப் போலீஸ்ல சொல்ற மாதிரி சொல்றீங்களே!"

பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். வழக்கு முடிந்தது. திங்கட்கிழமை அச்சகத்துக்கு ஃபோன் போகும். திருட்டுக் கட்டுரை குப்பைக்குப் போகும்.

"பிரமாதமா சொன்னீங்க," என்றாள் அவர் மனைவி. "கண்ணை மூடிக்கிட்டு ரேடியோ நாடகம் கேட்ட மாதிரி இருந்துச்சு. அந்தக் கோட்டு என்ன கலர்னு மட்டும் நீங்களும் சொல்லிடுங்க. தம்பி நீலம்னு சொல்றார்ல, பொய்யின்னு அடிச்சுச் சொல்லிடலாம்."

பெரியவர் வாயைத் திறந்தார்.

பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

கோட்டைத் தேடினார். முறமுறப்பு இருந்தது, கோட்டு இல்லை. முகத்தைத் தேடினார். மூச்சு இருந்தது, மூக்கு இல்லை. பித்தானில் இடித்த பூதக்கண்ணாடி வட்டமா சதுரமா? தெரியவில்லை.

"இருட்டிடுச்சு," என்றார்.

"சாயங்காலம்னீங்களே அத்தான்?"

"மழை இருட்டு!"

கொழுந்தியாள் விடவில்லை. "சரி, நீங்கதான் கத்துற தவளை எல்லாத்தையும் டேப்புல பிடிச்சு வச்சவங்களாச்சே. அந்த அம்மா பேசினது டேப்புல இருக்குமே? போட்டுக் கேட்டா யார்கிட்ட பேசினாங்கன்னு தெரிஞ்சுடும்."

"இருக்காது," என்றார் பெரியவர், பழைய அதிகாரம் குரலில் திரும்பியது. "டேப் என்ன விலை அப்ப! மனுஷக் குரல் வந்தா உடனே நிறுத்திடணும். அதான் எங்க பழக்கம். அம்மையார் வாயைத் திறந்ததுமே நான் பட்டனை அமுக்கிட்டேன்."

"பட்டன் எங்க இருந்துச்சு?"

"மெஷின்லதான்."

"மெஷின் எங்க இருந்துச்சு?"

"வேன்ல..."

சொன்ன வாய் சொன்னபடியே நின்றது. பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அவர்கள் வேலை செய்த முறை அப்படி. பதிவு மெஷின் நனையக்கூடாது என்று மேட்டில், ரோட்டோரம், வேனுக்குள் இருக்கும். அங்கிருந்து நீளமான கேபிள் சரிவில் இறங்கி, நாணலுக்குள் புகுந்து, குளக்கரையில் குடை மாதிரி விரிந்த ஒரு கிண்ணத்துக்குப் போகும். கிண்ணத்தின் நடுவில் மைக். தண்ணீருக்குள் இறங்கி அதைப் பிடிக்க ஒரு ஆள். வேனில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனோடு உட்கார ஒரு ஆள். டேப்பை நிறுத்தினாலும் மைக் பிடிப்பது ஹெட்ஃபோனில் வந்துகொண்டே இருக்கும். குரலைக் கேட்டே இனம் பிரிக்கிற காது யாருக்கு உண்டோ அவர்தான் வேனில்.

அந்தக் காது பெரியவருக்குத்தான் இருந்தது. சின்னவருக்குத் தவளையும் தண்ணீர் பம்பும் ஒன்று.

கடைவாயில் பெப்பர்மின்ட் நொறுங்குவதை, தூறலுக்கு நடுவில், பக்கத்துக் கல்லில் இருக்கிறவனால் கேட்க முடியாது. எந்த மனிதக் காதாலும் முடியாது. அந்தக் கிண்ணத்தால்தான் முடியும். இதை ஒரு மாணவன் சொல்லியிருந்தால், கேட்ட மாத்திரத்தில் அவனைப் பிடித்திருப்பார். தனக்கு வந்தபோது ஆயுசு முழுக்கப் பிடிபடவில்லை. காதுக்குள் அவ்வளவு நெருங்கி வந்த குரல், எதிரில் இருந்த குரலாகவே மாறிவிட்டது. "வரி விடாமல்" என்று அவர் சொன்னது உண்மை. சொன்னது சாத்திய வேனுக்குள். கேட்டது ஸ்டீயரிங்.

அப்படியானால் அந்த வார்த்தை? ஊர் ஊராக ஓடாதே என்றது?

பெரியவர் சுவரைப் பார்த்தார். அடையாள அட்டைகள் ஃபேன் காற்றில் மெல்ல ஆடின. அடுத்தவன் மருந்துச் சீட்டில் மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறார், ஆயுசு முழுக்க. நோயாளி ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் ஊர் சுற்றியிருக்கிறான், நல்ல ஆரோக்கியத்தோடு.

"சகலை," என்றார் சின்னவர் தயங்கித் தயங்கி. "விடுங்க. நாம ரெண்டு பேரும் கரையில இருந்தோம்னு போட்டுடறேன். படிக்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"தர்மம் போடறீங்களா?"

"சேச்சே..."

"அம்மையார் சொன்னதை ஏன் மாத்தினீங்க? அதையாவது சொல்லுங்க. 'உலகம் பெரிது'ன்னு அவங்க சொல்லவே இல்லையே?"

சின்னவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு டீயைப் பார்த்தார். "அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஞாபகமே இல்ல."

"என்னது?"

"பயம் சகலை. அவ்வளவு பெரிய மனுஷி. வாய் ஓயாம நானே பேசிட்டு இருந்தேன். எந்தெந்த நாட்டுக்குப் போகப் போறேன், எங்கெங்க அப்ளை பண்ணியிருக்கேன்னு. நான் பேசினது அத்தனையும் ஞாபகம் இருக்கு. அவங்க பேசினது ஒண்ணுகூட இல்ல. புத்தகம் படிச்சீங்களான்னு கேட்டப்போ தலையை ஆட்டி வச்சேன். படம் மட்டும்தான் பாத்திருந்தேன். ஆசிரியர் கடைசி வரி நச்சுன்னு வேணும்னார், நானே ஒண்ணு எழுதிட்டேன்." இப்போது அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நீங்க சொன்னப்பதான் அந்த பெப்பர்மின்ட் வாசனையே திரும்ப வருது. நிஜமாவே அவ்வளவு பேசினாங்களா? வேற என்னெல்லாம் சொன்னாங்க? சொல்லுங்க சகலை, சேத்துடறேன்."

சின்னவரின் கண்ணில் இருந்ததைப் பெரியவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். வெள்ளிக்கிழமை தோறும் முகம் கழுவும் கண்ணாடியில் பார்த்துப் பழகியது.

"வேற நிறைய சொன்னாங்க," என்றார் நிதானமாக. "நானும் ஒரு புத்தகம் எழுதலாம்னு இருக்கேன். வந்ததும் வாங்கிப் படிச்சுக்கோங்க."

"அநியாயம்! என்கிட்ட பேசினது அது!"

"பேசினது உங்ககிட்ட. இருக்கிறது என்கிட்ட."

"அப்ப அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்."

பெரியவருக்கு அங்கேதான் அடித்தது. அந்த மூச்சுக்கும் விசிலுக்கும் ஒரு முகம் உண்டு. அது எதிரில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிற இந்த ஆளின் தலைக்குள் இருக்கிறது. கொஞ்ச நேரம் வீம்பாக இருந்து பார்த்தார். முடியவில்லை.

"ஒரு வரி சொன்னா ஒரு அடையாளம். சம்மதமா?"

"சம்மதம்!"

அக்காவும் தங்கையும் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அறிவியல் உலகம் கண்டிராத வியாபாரம் ஒன்று அங்கே தொடங்கியது. "ஆண் தவளை பொய் சொல்லும், பெண் தவளை தூரத்துலேயே கண்டுபிடிச்சுடும்" என்ற வரிக்கு, மேல் உதட்டில் ஒரு மச்சம் கிடைத்தது. பச்சை அட்டைப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே தப்பு என்று அம்மையார் ஒப்புக்கொண்டதற்கு, நரைத்த புருவமும் நெற்றியில் ஒட்டிக்கிடந்த ஈர முடியும். ஊர் ஊராக ஓடாதீங்க என்ற வரியைப் பெரியவர் கடைசியாகத்தான் கொடுத்தார். அதற்குச் சின்னவர் அந்தச் சிரிப்பை, ஒரு கண் சின்னதாகிற சிரிப்பை, தன் முகத்திலேயே செய்து காட்டினார். பெரியவர் இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

"அப்புறம்?" என்றார் பெரியவர்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. காத்துல அவங்க தொப்பி பறந்து நாணலுக்குள்ள விழுந்துச்சு. மைக்கை அவங்க பக்கத்துல வச்சுட்டு எடுக்கப் போனேன். வரதுக்குள்ள கிளம்பத் தயாராயிட்டாங்க."

சளக் சளக் என்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒருவர் தூரமாகப் போகிற சத்தம். அது பெரியவரின் காதில் இத்தனை வருஷமும் இருந்தது. அது யார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அதன்பின் ஒரு உரசல், கிண்ணத்தில் கை பட்ட மாதிரி. பின்பு அந்தக் குரல், முன்பைவிட நெருங்கி, உதடு உலோகத்தில் படுகிற தூரத்தில்:

"அவருக்கு இதெல்லாம் காதுல ஏறாது. நீங்களாவது வச்சுக்குங்க."

வேனில் இருக்கிற சகலையைப் பற்றித் தன்னிடம் சொல்கிறார் என்றே பெரியவர் நினைத்துக்கொண்டிருந்தார். கேபிள் சரிவேறிப் போவதை அம்மையார் பார்த்திருக்கிறார். அதன் மறுமுனையில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்து, குனிந்து, அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"நான் தொப்பி எடுக்கப் போனப்போ ஏதாவது சொன்னாங்களா சகலை?"

பெரியவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இனித்தது.

"ஒண்ணும் சொல்லலையே."

"பொய்! உங்க மூஞ்சியிலயே தெரியுது. என்ன சொன்னாங்க? மச்சம் எந்தப் பக்கம்னு சொல்றேன்."

"வேணாம்."

"கையுறை எந்தக் கையில? கண்ணு என்ன நிறம்? சகலை, கண்ணோட நிறம்!"

பெரியவர் எழுந்து, "வாம்மா, போகலாம்" என்று உள்ளே குரல் கொடுத்தார். மனைவி வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன என்று புருவத்தால் கேட்டாள். அவளுக்கும் சொல்வதாக இல்லை.

"ஏதோ சொல்லியிருக்காங்கடி, இவர் மறைக்கிறார்," என்று சின்ன மாப்பிள்ளை தன் மனைவியிடம் முறையிடுவது வாசல் வரை கேட்டது. "என்னைப் பத்தித்தான் ஏதோ சொல்லியிருக்காங்க. நல்லதாத்தான் இருக்கும். அதான் மறைக்கிறார்!"

பெரிய மாப்பிள்ளை செருப்பை மெதுவாக, மிக மிக மெதுவாக மாட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டே நின்றார்.